பெற்சீற்றின் மற்ற முனை

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் யோகராணிக்குத் தலை விறைத்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு அதே பக்கத்தை இன்னொரு தரம் வாசித்தாள். எழுத்து மாறவில்லை. அச்சடித்த எழுத்து எப்படி மாறும்?

அந்தப் பக்கத்தில் தேவகி என்று ஒருத்தி, ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற தொழிற்சாலையில் நிற்கிறாள். யன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது. அவள் தனியே நின்று, ஈரமான கட்டில் விரிப்பு ஒன்றை, பெற்சீற்றை, சுடு உருளைக்குள் விடுகிறாள். விட்டபடி, போரில் காணாமல் போன தம்பியை நினைத்துத் தாலாட்டுப் பாடுகிறாள். அவளுடைய கண்ணீர் துணியில் சொட்டி ஆவியாகிப் போகிறது. மற்றப் பெண்களெல்லாம் வேலையை நிறுத்திவிட்டு ஊமையாய் நின்று கேட்கிறார்கள்.

தேவகி என்று பெயர் போட்டிருந்தாலும் அது யோகராணிதான். எழுதியவன் அவளுடைய தங்கையின் மகன் ராகுலன்.

"அட்சயா! இஞ்சை ஓடி வா. உவன் என்ன எழுதி வைச்சிருக்கிறான் எண்டு பார்."

மகள் அட்சயா பக்கத்து அறையில் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாள். "அம்மா, மீற்றிங்கிலை நிக்கிறன்."

"மீற்றிங்கைப் பிறகு வைக்கச் சொல்லு. அந்த லோன்றியிலை யன்னல் எங்கையடி இருந்தது?"

"எனக்கெப்பிடித் தெரியும்? நான் அப்ப பிறக்கவே இல்லை."

"பிறக்கேல்லை, ஆனால் நிண்டனி. என்ரை வயித்துக்கை நிண்டனி."

அந்த நாவல் முதலில் இங்கிலிசில் வந்தது. ஒன்றரை வருடமாக அது யோகராணியின் டோர்செட் பார்க் அப்பார்ட்மென்றில், கண்ணாடி அலுமாரிக்குள், கல்யாண வீட்டுப் படத்துக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றது. ஏதோ பெரிய பரிசுக்கான பட்டியலில் கடைசி ஐந்துக்குள் வந்ததாம். தமிழ்க் கடையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நின்றாலும், கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்றாலும், யாராவது வந்து, "அன்ரி, உங்கடை கதையாமே!" என்பார்கள். அவளும் தலையை ஆட்டிச் சிரித்து வைப்பாள். தங்கச்சி பிள்ளை எழுதியிருக்கிறான், பிழையாகவா எழுதப்போகிறான்? இப்போது தமிழில் மொழிபெயர்த்து அச்சடித்து, வெளியீட்டு விழாவுக்குப் பத்து நாளுக்கு முதல் ஒரு பிரதியைக் கொண்டுவந்து கையில் தந்துவிட்டுப் போனான். தமிழென்றால் அவளுக்கு யாரும் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. இரண்டு நாள் சமையலை ஒப்பேற்றிவிட்டு வாசித்தாள். வாசித்த பிறகுதான் இவ்வளவு நாளும் எதற்குத் தலையாட்டினோம் என்று விளங்கியது.

பொறுக்க முடியுமா? இருபத்தொரு வருடம் அந்த உருளைக்கு முன்னால் நின்றவளுக்கு!

யோகராணி சுழிபுரத்துக்காரி. தொண்ணூற்றொன்றில் இரண்டு பெட்டியோடு விமானமேறி இந்தக் குளிர் நாட்டுக்கு, ஸ்காபரோவுக்கு வந்தாள். வந்து நாலாம் மாதம் லோன்றியில் வேலை. காலை ஆறு மணிக்கு மெசின் தொடங்கும். அவளுடைய மனுசன் இரவு வேலைக்காரர். அவர் வந்து படுக்க இவள் எழும்பிப் போவாள். ஒரே கட்டிலை இரண்டு ஷிப்றாகப் பாவித்த குடும்பம். அந்த மனுசன் காலமாகி ஆறு வருடமாகிறது.

அந்த வேலையைத் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கழுவி முறுக்கிய பெற்சீற்றுகள் வண்டிலில் மலை மாதிரி வரும். ஈரப் பெற்சீற் என்ன பாரம் தெரியுமா? இரண்டு பெண்கள் எதிரும் புதிருமாக நின்று, ஆளுக்கொரு மூலையைத் தேடிப் பிடித்து, இழுத்து, ஒரு உதறு உதறி, விளிம்பை உருளைக்குள் ஓடுகிற பட்டியில் ஒன்றாக வைத்து ஒன்றாகக் கையை விட வேண்டும். அடுத்த கணம் சூட்டு உருளை அதை உள்ளே இழுத்துவிடும். ஒருத்தியின் கை ஒரு மூச்சு பிந்தினாலும் துணி கோணிப் போய்ச் சுருண்டு மெசின் நின்றுவிடும். தனியே ஒருத்தி நின்று அதைச் செய்ய வேண்டுமென்றால் அவளுக்கு ஏழடி நீளத்தில் கை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கை உருளைக்குள் போக வேண்டும். யன்னலும் இல்லை, பனியும் தெரியாது. அந்தச் சூட்டில் கண்ணீர் எங்கிருந்து வரும்? வேர்வைதான் வரும், அது கண்ணுக்குள்ளே இறங்கி எரியும்.

யோகராணியின் பெற்சீற்றுக்கு மற்ற முனையைப் பிடித்தவள் நாகமணி.

நாகமணி மட்டக்களப்புப் பக்கம். யோகராணியை விட நாலு வயது மூத்தவள். கறுத்த, தடித்த, எதற்கும் சிரிக்கிற, அவளுடைய ஊர் வழக்கப்படி பேச்சுக்குப் பேச்சு 'கா' போடுகிற மனுசி. வந்து மூன்றாம் நாளே, "வாய மூடிட்டு நிண்டா கை எப்பிடிகா ஒண்டாப் போகும்?" என்று கேட்டுவிட்டுப் பாடத் தொடங்கினாள். முதல் அடியை அவள் பாடுவாள், இரண்டாம் அடியை யோகராணி திருப்பிப் பாட வேண்டும். முதல் அடிக்கு மூலை பிடிப்பது, இரண்டாம் அடிக்கு உதறி விடுவது. அதற்குப் பிறகு இவர்களுடைய துணி கோணியதே இல்லை. ஒரு மாதத்துக்குள் நாலு உருளையிலும் நின்ற பெண்கள் அத்தனை பேரும் அந்தப் பாட்டுக்குத்தான் கையை விட்டார்கள். தமிழ் தெரியாத பெண்களும் சொல்லை விட்டுவிட்டுத் தாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

சூப்பர்வைசருக்கு நீட்டுக் கழுத்து. பெண்கள் அவருக்கு வைத்த பெயர் கொக்கர். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மாரிக் குளிரில் மேலிடத்தார் சுவரில் ஒரு பலகையைக் கொழுவினார்கள். மணிக்கு இத்தனை துணி என்று அதில் இலக்கம் விழும். கொக்கர் நாளுக்கு நாள் உருளையின் வேகத்தைக் கூட்டினார். கூட்டக் கூட்டப் பெண்கள் பாட்டை மெல்லமாக்கினார்கள். உருளை வெறும் பட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடியது, துணி பாட்டின் வேகத்தில்தான் போனது. இலக்கம் இறங்கியது. கொக்கருக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரும் சும்மா நிற்கவில்லை, எல்லாரும் பாடிக்கொண்டு சந்தோசமாக வேலை செய்கிறார்கள், பிறகென்ன? பார்க்க வந்த பெரியவர்களிடம் அந்தப் பாட்டைப் புழுகிக் காட்டவும் செய்தார் அந்த மனுசன். அவர் காட்டிக்கொண்டு நின்ற பாட்டு இதுதான்:

வெள்ளைத் துணியை விரியடி தோழி
வேகம் எதுக்கடி மெல்லமாய் வாடி
கொக்கர் வாறார் கழுத்தை நீட்டி
கூட்டிப் பாக்கிறார் பொத்தானைத் தட்டி
தட்டட்டும் தட்டட்டும் எங்களுக் கென்னடி
தாளம் எங்கட கையிலை தானடி

இரண்டு கிழமை இப்படிப் போனது. மூன்றாம் கிழமை ஒரு செவ்வாய்க்கிழமை கொக்கர் மெசினை நிற்பாட்டி எல்லாரையும் ஒரு பக்கமாக நிற்கச் சொன்னார். பக்கத்தில் செல்வரட்ணம். அவர் தமிழ்ப் பெண்களுக்கு மேலே வைத்த ஆள். இரண்டு பாசையும் தெரிந்தவர், வெள்ளைச் சேட்டுக்காரர். பாட்டில் என்ன இருக்கிறது, அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று சொல்லு சொல்லாகக் கொக்கரின் காதில் ஊதியவர் அவர்தான். அடுத்த மாதமே அவருக்குப் பதவியும் உயர்ந்தது.

"உந்தக் கொக்கர் பாட்டைக் கட்டினது ஆர்?" என்று செல்வரட்ணம் தமிழில் கேட்டார்.

கொக்கர் வருகிற அடிகளைக் கட்டியது யோகராணி. மற்றதெல்லாம் நாகமணியுடையது, அந்த அடிகள் மட்டும் இவளுடையவை. இவள் வாயைத் திறந்தாள். அப்போது வயிற்றில் அட்சயாவுக்கு ஐந்து மாதம். பக்கத்தில் நின்ற நாகமணி இவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினாள். எலும்பு நோகிற இறுக்கு.

"நான்தான்," என்றாள் நாகமணி. "எல்லாம் நான்தான்."

அன்று பத்தரை மணிக்கே அவளை அழுக்குப் பக்கத்துக்கு அனுப்பினார்கள். கழுவாத துணி வந்து கொட்டுகிற இடம் அது. இரத்தம், மலம், சத்தி, சிலவேளை ஊசி. கடதாசியில் 'இடமாற்றம்' என்று எழுதினார்கள். மூன்று வருடம் அங்கே குனிந்து மூட்டை தூக்கி வலது தோள் போய், வேலையை விட்டு, மகளோடு ஒஷாவாவுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு யோகராணியின் மற்ற முனையை எத்தனையோ பேர் பிடித்தார்கள். பாட்டு வரவில்லை. சுவரில் றேடியோ ஒன்றைக் கொழுவி விட்டார்கள்.

இதையெல்லாம் ராகுலன் ஆறு சனிக்கிழமை வந்திருந்து கேட்டவன். போனை மேசையில் வைத்துப் பதிவு செய்தவன். தேத்தண்ணியும் ரோல்சும் சாப்பிட்டுக்கொண்டு, "வாவ் பெரியம்மா, வாவ் பெரியம்மா," என்றவன். மணிக்கட்டைப் பிடித்த இடத்தைச் சொல்லும்போது மட்டும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவன் என்ன செய்தான்? அழுகையை எடுத்துக்கொண்டான், மணிக்கட்டை விட்டுவிட்டான்.

யோகராணி போனை எடுத்தாள்.

"டேய் தம்பி, நாகமணியக்கா எங்கையடா?"

"எத்தினையாம் பக்கம் பெரியம்மா?"

"எந்தப் பக்கத்திலையும் இல்லை. அதுதான் கேக்கிறன்."

"அது வந்து, நீங்களும் அவவும் சேர்ந்துதான் தேவகி. நாவலிலை ரெண்டு பேரை ஒரு கரெக்டரா கொம்பைன் பண்ணுறது நோர்மல், பெரியம்மா."

"ரெண்டு பேரை ஒராளாக்கினால் சீற்றை ஆரடா பிடிக்கிறது?"

"அது ஒரு மெற்றஃபர்."

"என்ன கோதாரியோ எனக்குத் தெரியாது. உன்ரை தேவகியின்ரை கை உருளைக்கை போயிருக்கும். எனக்குக் காணாமல் போன தம்பி எங்கையிருந்தடா வந்தவன்? எனக்கு இருக்கிறது உன்ரை கொம்மா ஒருத்திதான்."

"எல்லாரும் அந்தப் பேஜைத்தான் பெஸ்ட் எண்டு சொல்லினம். அதை வாசிச்சு அழுத ஆக்கள் இருக்கினம்."

"நாங்கள் சிரிச்சனாங்கள்!"

"சிரிப்புக்குக் கீழை ஒரு துக்கம் இருந்திருக்கும்தானே?"

பாருங்கள் கேள்வியை! யோகராணிக்கு உச்சியில் ஏறிவிட்டது. "துக்கம் இருந்தது. அதை வீட்டிலை வைச்சுப் பூட்டிப்போட்டு வேலைக்குப் போனனாங்கள். அங்கை கொண்டு போனது பாட்டை. நீ பாட்டை எறிஞ்சுபோட்டு எங்கடை வீட்டுக்கை புகுந்து துக்கத்தை எடுத்திருக்கிறாய். அந்தத் தாலாட்டை எழுதினது ஆர்?"

"நான்தான் எழுதினன்..."

"உனக்கு ஆர் தாலாட்டுப் பாடினது? உன்னை நித்திரையாக்கினது ரிவி."

"பெரியம்மா, ஐநூறு கொப்பி பிரிண்ட் பண்ணியாச்சு. இது ஃபிக்சன். ப்ளீஸ்."

இன்னொரு விசயமும் இருந்தது. அழைப்பிதழில், இவளை ஒரு வார்த்தை கேட்காமல், 'நாவலின் நாயகி யோகராணி அவர்கள் தாலாட்டை இசைப்பார்' என்று அடித்திருந்தான். அதற்கு மேலே, 'முதற்பிரதி பெற்றுச் சிறப்புரை: சமூகத் தொண்டர் செல்வரட்ணம் அவர்கள். பொருள்: உழைக்கும் பெண்களின் குரல்.'

செல்வரட்ணம்! அந்த மனுசன் இப்போது ஊர்ச் சங்கத் தலைவராம்.

அன்று பின்னேரம் தங்கச்சியின் போன் வந்தது. "அக்கா, பிள்ளையின்ரை பெரிய நாள். தயவு செய்து குழப்பிப்போடாதை."

"நான் வருவன்," என்றாள் யோகராணி. "பாட்டும் பாடுவன்."

தங்கச்சி நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். பாவம், தன் தமக்கையைப் பற்றி அவளுக்கு இவ்வளவு காலமும் ஒன்றும் விளங்கவில்லை.

விழாவுக்கு முதல் சனிக்கிழமை அட்சயாவைக் காரோட்டச் சொல்லி யோகராணி ஒஷாவாவுக்குப் போனாள். வருடத்துக்கு ஒருமுறை சித்திரை வருடப்பிறப்புக்குப் போன் எடுப்பாள், அவ்வளவுதான். நேரில் போய்ப் பார்த்து மூன்று வருடம், அட்சயாவைக் கூட்டிப் போனதே இல்லை. எந்த முகத்தோடு போவது?

நாகமணி கதவைத் திறந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது. வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. இடது கையால்தான் கட்டிப்பிடித்தாள். "என்னகா யோகா, மெலிஞ்சு போனாய். இது அந்த வயித்துப் புள்ளயா? அடியாத்த, என்னைவிட உசரம்!"

யோகராணி குசினி மேசையில் புத்தகத்தை விரித்து அந்தப் பக்கத்தை வாசித்தாள். பாதியில் நாகமணி சிரிக்கத் தொடங்கிவிட்டாள். இருமல் வரும்வரைக்கும் சிரித்தாள்.

"ஒருத்தியாகா? தனிய நிண்டா சீற் விட்டாள்? அவள் பொம்பிளையா, இல்லாட்டி வௌவாலா? துணிக்குள்ள கிடந்த பல்செட்ட எழுதல்லியா அவன்? அழுக்குப் பக்கம் நான் எடுத்தனே. வாய்க்குள்ள வச்சுப் பாக்கயில்ல, அளவு சரியில்லாத மாதிரிக் கிடந்திச்சி."

"அக்கா, அவன் உங்களையே எழுதேல்லை. உங்கடை பேர் ஒரு இடத்திலையும் இல்லை."

நாகமணி சிரிப்பை நிறுத்தினாள். சீலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள்.

"பேரு கிடக்கட்டும்கா. என்ட பேர ஆர் தேடப் போறா? ஆனா இது என்ன, ஒப்பாரியா? நாம ஒரு நாளும் அங்க அழல்லியே. அழுக்குப் பக்கத்திலயும் நான் அழல்ல. அந்தப் பாட்டால ரெண்டு கிழமை அந்தப் பலகை இலக்கத்த நாம இறக்கி வச்சம். அத அழுகுணிப் பாட்டாக்கிட்டானே, யோகா."

"அண்டைக்கு நான் வாய் திறந்திருக்க வேணும்."

"வயித்துல புள்ளயோட அழுக்குப் பக்கம் போவியாகா? விசர்க்கதை."

"பிள்ளை பிறந்த பிறகாவது திறந்திருக்கலாம். பிறகும் எத்தினை வருசம் அங்கை நிண்டனான். நீங்கள் கதவுக்கு அங்காலை நிண்டியள். ஒருநாள் கூட நான் சொல்லேல்லை."

அதற்கு நாகமணி இல்லையென்று சொல்லவில்லை. ஓமென்றும் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். அந்த மௌனத்தை யோகராணி இருந்து வாங்கிக்கொண்டாள், வாங்க வேண்டியதுதான்.

"நாளைக்கு விழா," என்றாள் பிறகு. "முதற்பிரதி வாங்குறது செல்வரட்ணமாம்."

"ஆரு? கொக்கர்ட காதுல ஊதினவனா?" நாகமணி கோப்பையை மேசையில் வைத்தாள். "அப்ப நானும் வாறன். எத்தின மணிக்குகா?"

ஞாயிறு மத்தியானம் அட்சயா போய் நாகமணியை ஏற்றி வந்தாள். ஒஷாவாவில் இருந்து ஸ்காபரோ வரும்வரை இரண்டு பேரும் பின்சீற்றில் இருந்து முணுமுணுத்து, தொடையில் தட்டித் தட்டி ஏதோ கட்டினார்கள். யோகராணியின் காலடியில் ஒரு கறுத்தப் பிளாஸ்ரிக் பை கிடந்தது.

பிளாசாவில் ஒரு மண்டபம். வாசலில் ஆளுயரப் படம்: வெள்ளைத் துணியோடு தனியே ஒரு பெண், கன்னத்தில் கண்ணீர். குத்துவிளக்கு ஏற்றி, அக வணக்கம் செலுத்தி, வரவேற்புரை, வாழ்த்துரை எல்லாம் ஒழுங்காக நடந்தன. முதற்பிரதியைக் கையில் வாங்கிய செல்வரட்ணம் இருபத்தைந்து நிமிடம் பேசினார். "அந்தத் தாய்மாரின்ரை கண்ணீரை நான் நேரிலை கண்டவன்," என்றார்.

"எந்தக் கண்ணால?" என்று நாலாவது வரிசையில் இருந்து கேட்டது. நாகமணிக்கு மெல்லமாகக் கதைக்கத் தெரியாது. பின்வரிசையில் இரண்டு மூன்று பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். அவர்களும் பழைய லோன்றிக்காரர்கள்.

பிறகு யோகராணியைக் கூப்பிட்டார்கள். அவள் பையையும் தூக்கிக்கொண்டு மேடையேறினாள். செல்வரட்ணம் பொன்னாடையை விரித்துக்கொண்டு வந்தார். "கொஞ்சம் பொறுங்கோ அண்ணை, தோள் ஈரமாகப் போகுது," என்று சொல்லி விலகி நின்று மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். பாட்டுக்கு முதல் ஒரு வேலை இருக்கு. ராகுலன், இஞ்சை வா தம்பி."

ராகுலன் கோட்டும் சூட்டுமாக வந்தான். அவள் பைக்குள்ளிருந்து பெரிய வெள்ளைப் பெற்சீற் ஒன்றை இழுத்தெடுத்தாள். காலையில் நனைத்து முறுக்கி வைத்தது. அதை அவனுடைய கையில் போட்டாள். பாரத்தில் அவனுடைய கை இறங்கியது.

"நீ எழுதின மாதிரி, தனிய நிண்டு, இந்த மேசையிலை சுருக்கமில்லாமல் ஒருக்கா விரி."

"பெரியம்மா, இது என்ன?"

"விரி, அப்பு."

அவன் ஒரு மூலையைப் பிடித்தான். மற்ற மூலையைத் தேடினான். கையை அகட்டி உதறினான். ஈரத்துணி திரும்பி அவனுடைய நெஞ்சிலேயே அடித்தது. ஒரு பக்கத்தை மேசையில் வைத்தால் மற்றப் பக்கம் பாரத்தில் நிலத்துக்கு இழுபட்டது. யாரோ ஓடிவந்து குத்துவிளக்கை அப்பால் தள்ளி வைத்தார்கள். மூன்றாம் தரம் துணி அவனுடைய தலையில் விழுந்தபோது மண்டபம் முழுக்கச் சிரித்தது. முன்வரிசையில் தங்கச்சி மட்டும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டிருந்தாள்.

யோகராணி சிரிக்கவில்லை. "இதை ஒராள் செய்யேலாது. செய்ததும் இல்லை," என்றாள். "மற்ற முனையைப் பிடிச்சது நாகமணியக்கா. பாட்டைக் கொண்டு வந்ததும் அவதான். சூப்பர்வைசரைப் பழிச்சு அதிலை ரெண்டடி கட்டினது நான். ஆர் கட்டினது எண்டு கேட்டபோது நான் வாய் திறக்கேல்லை. என்ரை தண்டனையை அவ மூண்டு வருசம் அனுபவிச்சவ. அவவின்ரை தோள் போனது அங்கைதான். நான் இதை ஒரு இடத்திலையும் சொல்லேல்லை. சொன்ன ஒரே இடம் இந்தப் பிள்ளையின்ரை போன். இவனும் எழுதேல்லை. அதாலை இப்ப மைக்கிலை சொல்லுறன். நாகமணியக்கா, வாங்கோ."

நாகமணி மெல்ல மெல்ல மேடைக்கு ஏறினாள். ராகுலனின் தோளில் கிடந்த துணியை எடுத்து ஒரு மூலையைப் பிடித்தாள். வலது கை உயரவில்லை, இடுப்பளவில்தான் நின்றது. யோகராணி தன் முனையையும் அந்த அளவுக்கு இறக்கிப் பிடித்தாள். பார்த்துக்கொள்ளக்கூட இல்லை, கை தானாகப் போனது. நாகமணி முதல் அடியை எடுத்தாள், இவள் திருப்பிக் கொடுத்தாள். பிடித்து, இழுத்து, உதறி, விட்டார்கள். துணி மேசையில் ஒரு மடிப்பில்லாமல் விழுந்தது. கொக்கர் வந்த இடத்தில் பின்வரிசைப் பெண்கள் எழும்பி நின்று கூடப் பாடினார்கள். வெறும் கையால் மூலை பிடித்தார்கள். பாட்டு முடிந்ததென்று கைதட்டத் தொடங்க, நாகமணி கையைக் காட்டி நிற்பாட்டினாள். காரில் கட்டிய அடிகள் இருந்தன:

காதிலை ஊதின கதைகாரர் எங்கை
கதிரை போட்டு மேடையில் அங்கை
உழைச்ச பொம்பிளைக்கு உரைசொல்ல வந்தார்
உருளைக்குத் தெரியும் என்னத்தைத் தந்தார்

லோன்றிக்காரப் பெண்களுக்கு விளங்கிவிட்டது. ஒருத்தி விசிலே அடித்தாள். செல்வரட்ணம் போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாரோ அவசரமாகக் கூப்பிட்டது போல வாசல் பக்கம் போனார். பொன்னாடை கதிரையில் கிடந்தது, முதற்பிரதியும் கிடந்தது. அவர் திரும்பி வரவில்லை.

விழா முடிந்து எல்லாரும் வடைக்கும் கோப்பிக்கும் போக, ராகுலன் புத்தகம் விற்கிற மேசைக்குப் பின்னால் இருந்தான். சேட்டு இன்னும் ஈரம். முகம் சிவந்திருந்தது.

"எல்லாருக்கும் முன்னாலை என்னை அவமானப்படுத்திப்போட்டியள், பெரியம்மா."

"ஒரு மண்டபத்துக்கு முன்னாலைதானே. நீ ஐநூறு புத்தகத்திலை செய்திருக்கிறாய்."

"அடுத்த எடிசனிலை மாத்துறன்."

"அது வரேக்கை பாப்பம். இப்ப பேனையை எடு. நூற்றுப் பன்னிரண்டைத் திற. நான் சொல்லச் சொல்ல எழுது."

அவன் தாயைப் பார்த்தான். தாய் வேறு பக்கம் பார்த்தாள். அவன் பேனையை எடுத்தான்.

"மற்ற முனையைப் பிடித்தவள் நாகமணி. பாட்டும் அவளுடையது. நாங்கள் அழவில்லை."

அவன் சின்னப் பிள்ளை எழுதுவது போல எழுத்தெழுத்தாக, ஓரத்தில் எழுதினான். ஒரு புத்தகமும் அந்த வரி இல்லாமல் போகக்கூடாது என்று யோகராணி மேசைக்குப் பக்கத்திலேயே நின்றாள். வாங்க வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். பதினைந்தாம் புத்தகத்தில் அவன் கையை உதறினான். "கை நோகுது பெரியம்மா."

"உருளைக்குக் கிட்ட ஒரு ஷிப்ற் நிண்டு பாரு மனே," என்றாள் பக்கத்தில் கதிரை போட்டு இருந்த நாகமணி, வடையைக் கடித்தபடி.

முப்பது முப்பத்தைந்து புத்தகம் போயிருக்கும். யோகராணி போய்ச் செல்வரட்ணம் விட்டுப்போன முதற்பிரதியை எடுத்து வந்து, அதிலும் எழுதுவித்து, நாகமணியின் மடியில் வைத்தாள். நாகமணி கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, விரலை வைத்து அந்த வரியை வாசித்தாள். ஒருதரம் வாசித்து, நெற்றியைச் சுருக்கி, மறுபடியும் வாசித்தாள்.

"இது என்னகா? பாட்டெல்லாம் என்ட எண்டு கிடக்கு?"

"உங்கடைதானே, அக்கா."

"கொக்கர் உன்ட. மேடையில சொன்னாய்தானே? கடதாசியில ஏன்கா ஒளிக்கிறாய்?" புத்தகத்தை மேசையில் போட்டாள். "பொய் எழுதாத மனே. கொக்கர் அடி யோகராணிட எண்டும் போடு. எல்லாத்திலயும் போடு."

யோகராணி வாயைத் திறந்தாள். நாகமணி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள், இடது கையால்.

ராகுலன் மேசையைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். "போன புத்தகங்களுக்கு என்ன செய்யிறது?"

"கூப்பிடு," என்றாள் யோகராணி.

வாங்கிக்கொண்டு போனவர்களை மறிக்க அட்சயா பார்க்கிங்குக்கு ஓடினாள்.